நிமிடக் கூலி

ரொசாரியோ துறைமுகத்தில், சோளக் கிடங்குக்குப் பின்னால்,
இரண்டாம் மாடியில் எங்கள் வானொலி.
வியாழன்தோறும் ஒரு நூலாசிரியர் வருவார்.
விலைவாசி, வேலை, யார் யாரை ஆள்வது,
இவைபற்றிப் பேசுவார்.
அஸுசேனா கேட்பாள்.
நான் வெட்டுவேன்.

எனக்கு நிமிடக் கூலி,
ஒலிபரப்பாகும் நிமிடத்துக்கு மட்டும்.
நன்றாக வெட்டினால் கூலி குறையும்.
இதைப் பேராசிரியர் குவாலியாவிடம் சொன்னேன்,
காப்பி ஆறிக்கொண்டிருந்தது.
கூலியைப் பற்றி அறுநூறு பக்கம் எழுதியவர்.
"அருமையான உதாரணம்" என்று குறித்துக்கொண்டார்.
அடுத்த பதிப்பில் வந்துவிட்டேனாம்,
அடிக்குறிப்பில்,
பெயரில்லாமல்.

அவருக்கு மூச்சு அதிகம்.
ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னும்
முங்கப்போகிறவர்போல் ஒன்று இழுப்பார்.
"இறைச்சி ஆலைப் பெண்கள்
மூச்சுவிட நேரமில்லாமல்..." என்றார்.
அந்த 'மூச்சு'க்கு முன் நீளமாக ஒரு மூச்சு.
எடுத்துவிட்டேன்.
அன்று மட்டும் நூற்று நாற்பது எடுத்தேன்.
எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன்,
எதற்கென்று தெரியாது.
ஓடவிட்டால்
யாரோ மூட்டையோடு படியேறுவதுபோல் கேட்கும்.

அடுத்த வாரம் ஒரு முன்னாள் அமைச்சர்,
கெட்டி அட்டையில் தன் நினைவுகளோடு.
"தவறுகள் நடந்தன" என்றார். நான்கு முறை.
யாரும் செய்யவில்லை,
அவையாகவே நடந்தன,
கால் முளைத்து,
ஆலைக்குள் நடந்தன, வீட்டுக்குள் நடந்தன,
இரவில் ஒரு கதவைத் தட்டும்வரை நடந்தன.
நான்கில் மூன்றை வெட்டினேன்.
நாற்பது காசு நஷ்டம்.

பிறகு ரமோனா இபார்சாபல் வந்தாள்.
இருபத்திரண்டு வருஷம் அதே ஆலையில்
எலும்பு பிரித்தவள்.
ஒல்லியாக ஒரு புத்தகம்.
அதன் ஏழாம் அதிகாரத்துக்குத் தலைப்பு
'அதிகாரம்'.
ஒன்றரைப் பக்கம்தான்.

அஸுசேனா கேட்டாள்:
"ஆலையில் அதிகாரம் யாரிடம் இருந்தது?
முதலாளியிடமா? சங்கத்திடமா? ராணுவத்திடமா?"

ரமோனா பேசவில்லை.

நாற்காலி ஒருமுறை முனகியது.
பரானா நதியில் ஏதோ ஒரு கப்பல்
ஊதலாமா வேண்டாமா என்று பாதி ஊதியது.
திரையில் அலை படுத்துவிட்டது.

"கழிவறைச் சாவி வைத்திருந்தவனிடம்" என்றாள்.
"கெட்டவன் இல்லை.
தொலையாமல் இருக்கட்டும் என்று
சாவியில் ஒரு பலகை கட்டியிருந்தான்.
அரை மீட்டர் பலகை.
அதைத் தூக்கிக்கொண்டு
முந்நூறு பேர் முன்னால் நடக்க வேண்டும்.
போகாமலே இருக்கப் பழகிக்கொண்டோம்."

இயக்குநர் ஒஸ்வால்தோ என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.
"பதினொரு நொடி. வெட்டு.
வானொலி செத்துவிட்டதென்று நினைப்பார்கள்."

வெட்டவில்லை.
வீரம் என்று சொல்லமாட்டேன்.
மூன்று முறை கத்தரிக் குறியை அதன்மேல் கொண்டுபோனேன்.
ஒவ்வொரு முறையும் அந்த நாற்காலி முனகியது.

ஒலிபரப்பான இரவில் மூன்று அழைப்புகள்.
இரண்டு பேர், கருவியில் கோளாறா என்றார்கள்.
மூன்றாவது ரமோனா.
"அந்த நேரம் நான் என்ன யோசித்தேன் தெரியுமா?
அவன் பெயரைச் சொல்லலாமா என்று.
என் மகள் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள்."
அப்புறம்,
"விட்டுவைத்தாயே" என்றாள்.
நன்றியா, குறையா, குரலில் தெரியவில்லை.
எனக்குக் குரல்தான் தொழில்,
ஆனாலும் தெரியவில்லை.

மாதக் கடைசியில் சீட்டு வந்தது.
நிகழ்ச்சி ஐம்பத்திரண்டு நிமிடம், நாற்பத்தொரு நொடி.
கூலி, ஐம்பத்திரண்டுக்கு.
மீந்த நொடிகளைக் கணக்கர் தள்ளிவிடுவார், எப்போதும் அப்படித்தான்.
அவரிடம் கேட்கத்தான் போனேன்.
வாசலில் நின்று
முதலில் ஒரு மூச்சு இழுத்தேன்.